மூட்டுவலி என்று கடந்துவிடலாமா?

ஆழ்கடலில் மூழ்கிக் கரையேறிய ஒருவர், சிறிது நேரத்தில் தோள் வலிக்கிறது என்கிறார். உழைப்பின் களைப்பு என்று உடனிருப்போர் நினைக்கிறார்கள். அவரும் அப்படியே நினைக்கிறார். அழுத்தக்குறைவு நோய் முற்றுவதற்கு இந்த நினைப்பே வழிவிடுகிறது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல உடலுக்குள் குமிழிகளாகிறது. பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இலேயே இதை விளக்கிவிட்டார். படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணையை 1908இல் ஹால்டேன் வகுத்தளித்தார்.

அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தோன்றும். சிலருக்கு ஒரு நாள்கூட ஆகலாம். தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஆழ்ந்த வலி, வழக்கத்துக்கு மாறான சோர்வு, தோலில் அரிப்பு அல்லது திட்டுத்திட்டான நிறமாற்றம் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை தண்டுவடம் பாதிக்கப்பட்டதைக் குறிக்கலாம். தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் ஆகியவையும் உயிராபத்தின் அடையாளங்களே.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கேட்பது இதுதான்: காரணம் தெரிந்த நோய் ஏன் தொடர்கிறது? ஹோண்டுராஸின் மிஸ்கிட்டோ பழங்குடியினர் சிங்கி இறாலுக்காக மூழ்குகிறார்கள். பிடித்த எடைக்கே கூலி. எனவே வலியை ஒப்புக்கொள்வது வருமானத்தை இழப்பதாகும். போதிய பயிற்சியும் கருவியுமின்றி மூழ்கி முடங்கியோரும் இறந்தோரும் பலர். 42 மிஸ்கிட்டோ மக்கள் தொடர்பான வழக்கில், அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021இல் அந்நாட்டு அரசையே பொறுப்பாக்கியது.

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போர் பலரும் இன்று படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்தே மூழ்குகிறார்கள். எடுத்த சங்கே வருமானம் என்றால், இந்தக் கணக்கு இங்கும் பொருந்தும்.

ஆழத்திலிருந்து வந்தவருக்குப் புதிதாக எந்தத் தொந்தரவு தோன்றினாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை இந்நோயாகவே கருத வேண்டும். வலி தீரும் என்று மீண்டும் மூழ்க விடக் கூடாது. அவரைப் படுக்கவைத்து, தூய ஆக்ஸிஜன் அளித்து, உயரழுத்தச் சிகிச்சை அறையுள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். படகில் ஓர் ஆக்ஸிஜன் உருளையும், நோயுற்ற நாளுக்கும் கூலியும் உறுதியானால், வலியை மறைக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இராது.