நீர்ப்பெருக்கி மருந்துகள்

பளுத்தூக்கும் போட்டிக்கு முன்னாள் உண்ணாதும் பருகாதும் இருந்து எடை குறைக்கும் நண்பரை நாம் கண்டதுண்டு. இவ்விருப்பம் முற்றியவிடத்துச் சிலர் கைக்கொள்ளும் மாத்திரை ஒன்றுண்டு. நோயாளிக்கு உயிர் தரும் அது வீரனுக்குக் கேடாவது எங்ஙனமென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிறுநீரைப் பெருக்கி வீக்கம் தணிக்கும் மருந்துகள் நமக்குப் புதியன அல்ல. நீர்முள்ளியையும் நெருஞ்சிலையும் நம் நாட்டு வைத்தியர் இதற்கென்றே வழங்கி வந்தனர். மேனாட்டு மருந்துகளுள் பெயர்பெற்றது பியூரோசமைடு என்பது.

சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் கழித்து, எஞ்சியதை உடலுக்கே மீட்டளிக்கின்றன. உப்பு மீளும் வழியே நீரும் மீளும். இம்மருந்து உப்பு மீளாதவாறு தடுத்தலின், உப்பும் நீரும் ஒருங்கே கழிகின்றன. இருதயம் தளர்ந்தவர்க்கு நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்கும். படுத்தால் மூச்சுத் திணறும். அத்தேக்கம் வடிந்தபின் அவர் அமைதியாய்த் துயில்கின்றார். இவ்வினத்தைச் சார்ந்த தயசைடு மருந்துகள் இரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவுகின்றன.

இனி, வீரர் இதனை நாடுதற்குக் காரணம் இரண்டு. விரைவில் எடை குறைத்துத் தாழ்ந்த எடைப்பிரிவிற் புகுதல் ஒன்று. சிறுநீரை நீர்த்துப்போகச் செய்து வேறு ஊக்கமருந்தின் சுவட்டை மறைத்தல் மற்றொன்று. 1988-இல் சியோல் ஒலிம்பிக் போட்டியில் பல்கேரியப் பளுத்தூக்கும் வீரர் மித்கோ கிராப்லெவ், ஆங்கெல் கெஞ்செவ் ஆகிய இருவரும் பியூரோசமைடு உட்கொண்டமை சோதனையில் வெளிப்பட்டது. இருவரும் தங்கப் பதக்கம் இழந்தனர். அந்நாட்டுப் பளுத்தூக்கும் குழுவே போட்டியினின்று விலகிற்று.

பதக்கத்தினும் பெரியது உயிரன்றோ? நோயாளியிடம் இம்மருந்து நீக்குவது மிகையான நீரை. நலமுற்ற வீரனிடமோ மிகை யாதுமில்லை. அவனிடம் கழிவது இரத்தத்திற்கு வேண்டிய நீரும், இருதயம் சீராய்த் துடித்தற்கு இன்றியமையாத பொட்டாசியமுமாம். அதனால் தசை பிடிக்கும், தலை சுழலும், சிலபோது இருதயத் துடிப்பே நிலைகுலைந்து மரணமும் நேரும். நோயாளிக்கும் வைத்தியர் இரத்தத்தைச் சோதித்தே அளவை வரையறுப்பது இவ்வச்சம் பற்றியேயாம்.

நண்பர்காள்! தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். ஆனால் கொழுப்பு சிறிதும் கரைந்திராது. குறைந்தது நீரே, அதனோடு வலிமையும் குறையும். பிறர் நோய்க்கென எழுதிய சீட்டைக் கொண்டு பெறும் வெற்றி நமக்கு வேண்டா. நமக்குரிய எடைப்பிரிவிலேயே நின்று தோற்பினும் அது இழுக்கன்று.