சர்வதேச விளையாட்டும் மனித உரிமைகளும்
(தென்னாபிரிக்கா மீதான விளையாட்டுப் புறக்கணிப்பை அடிப்படையாகக் கொண்ட விளக்கம்)



"விளையாட்டில் அரசியல் கலக்கக்கூடாது." மனித உரிமைகள் தொடர்பான கட்டுரை வினாக்களுக்கு விடை எழுதும்போது மாணவர்கள் பலர் இந்த ஒரு வசனத்துடன் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் ஒரு நாட்டின் அரசாங்கமே விளையாட்டு மைதானத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்தால் ஏனைய நாடுகள் என்ன செய்யவேண்டும்? இவ்வினாவுக்கு விடைகாணத் தென்னாபிரிக்காவின் வரலாறு சிறந்த உதாரணமாகும்.

1. பின்னணி

1948ஆம் ஆண்டில் இரு முக்கிய நிகழ்வுகள் இடம்பெற்றன. மே மாதத்தில் தென்னாபிரிக்காவில் தேசியக் கட்சி தேர்தலில் வெற்றிபெற்று, நிறவொதுக்கலை அரச கொள்கையாக்கியது. டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்து எந்த நாடும் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காது விலகிநின்ற 8 நாடுகளுள் தென்னாபிரிக்காவும் ஒன்று.

எல்லா மனிதரும் சமமானவர் எனப் பிரகடனத்தின் 1ஆம் உறுப்புரை கூறுகின்றது. இன, நிற வேறுபாடின்றி உரிமைகள் அனைவருக்கும் உரியன என 2ஆம் உறுப்புரை கூறுகின்றது. தென்னாபிரிக்கச் சட்டங்களோ இதற்கு நேர்மாறானவை. 1950இல் இயற்றப்பட்ட சட்டங்களின்படி ஒவ்வொருவரும் இன அடிப்படையில் பதிவு செய்யப்பட்டனர். இன்ன இனத்தவர் இன்ன பிரதேசத்திலேயே வசிக்கலாம் என விதிக்கப்பட்டது. விளையாட்டும் இதற்கு விலக்காகவில்லை. வெள்ளையரும் ஏனையோரும் ஒரே அணியில் விளையாடக்கூடாது என்பது 1956இல் அரசின் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. எவ்வளவு திறமை இருந்தாலும் கறுப்பின வீரர் ஒருவர் தன் நாட்டுக்காக விளையாடமுடியாது.

2. பசில் டி ஒலிவேரா சம்பவம் (1968)

கேப்டவுனில் பிறந்த பசில் டி ஒலிவேரா சிறந்த துடுப்பாட்ட வீரர். சட்டத்தால் 'கலப்பினத்தவர்' என வகுக்கப்பட்ட இவருக்குத் தாய்நாட்டு அணியில் இடமில்லை. எனவே 1960இல் இங்கிலாந்து சென்ற இவர் 1966இல் இங்கிலாந்தின் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார்.

1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்களைப் பெற்றார். அப்படியிருந்தும் தென்னாபிரிக்கா செல்லவிருந்த அணியில் இவர் முதலில் சேர்க்கப்படவில்லை. பலத்த கண்டனங்கள் எழுந்தன. பின்னர் மற்றொரு வீரர் காயம் காரணமாக விலகவே, இவர் அழைக்கப்பட்டார். தென்னாபிரிக்கப் பிரதமர் வோஸ்டர் இவ்வணியை ஏற்க மறுத்தார். சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது.

மாணவர்கள் இங்கு கவனிக்கவேண்டிய விடயம்: யார் விளையாடலாம் என்பதைத் தெரிவாளர்களிடமிருந்து பறித்துத் தீர்மானித்தது ஓர் அரசாங்கமே. அரசியலைக் கலந்தவர்கள் எதிர்த்தவர்கள் அல்லர்.

3. உலக நாடுகளின் நடவடிக்கைகள்

• 1964 – டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கான அழைப்பு மீளப்பெறப்பட்டது.
• 1970 – சர்வதேச ஒலிம்பிக் குழு தென்னாபிரிக்காவை வெளியேற்றியது. அதே ஆண்டில் அதன் டெஸ்ட் கிரிக்கட்டும் நின்றுபோய், 22 ஆண்டுகளின் பின்னரே மீண்டும் ஆரம்பித்தது.
• 1974 – டேவிஸ் கிண்ண டெனிஸ் இறுதிப் போட்டியில் தென்னாபிரிக்காவுடன் விளையாட இந்தியா மறுத்தது. சென்னையைச் சேர்ந்த விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அவ்வணியின் முக்கிய வீரர்கள். விளையாடாமலே கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குக் கிடைத்தது.
• 1976 – நியூசிலாந்து றக்பி அணி தென்னாபிரிக்கா சென்றதைக் கண்டித்து 20க்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகள், மொன்றியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன.
• 1977 – பொதுநலவாய நாடுகள் கிளெனீகிள்ஸ் உடன்பாட்டைச் செய்தன.
• 1985 – விளையாட்டில் நிறவொதுக்கலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைகள் தினமான டிசம்பர் 10இல் ஏற்றுக்கொண்டது.

4. இலங்கையின் அனுபவம்

1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் விளையாடியது. அணித்தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டின் பிற்பகுதியில் அவரது தலைமையில் ஓர் அணி, தடையை மீறித் தென்னாபிரிக்கா சென்றது. அவ்வீரர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் தடை நீக்கப்பட்டபோதும் பலரது விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டிருந்தது.

அக்காலத்தில் எமது நாட்டில் கிரிக்கட் வருமானம் தரும் தொழில் அன்று. பெருந்தொகைப் பணம் தரப்படும்போது மறுப்பது இலகுவானதல்ல. எனினும் அவர்கள் ஆடச்சென்ற நாட்டில் அவர்களைப் போன்ற நிறமுடைய மக்களுக்கு வாக்குரிமைகூட மறுக்கப்பட்டிருந்தது. தண்டனை நியாயமானதா, அதிகமானதா என்பதை நீங்களே வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.

5. புறக்கணிப்பு பற்றிய இரு கருத்துக்கள்

ஆதரவான வாதங்கள்:
(அ) அநீதியான அரசுடன் விளையாடுவது அதனை அங்கீகரிப்பதாகும்.
(ஆ) விளையாட்டை உயிராக நேசித்த வெள்ளையின வாக்காளர்கள் தனிமையை நேரடியாக உணர்ந்தனர்.

எதிரான வாதங்கள்:
(அ) தவறு செய்யாத வீரர்களும் வாய்ப்பை இழந்தனர்.
(ஆ) தொடர்பைத் துண்டிப்பதைவிடப் பேசித் திருத்துவது மேல்.

இரண்டாவது எதிர்வாதத்துக்குத் தென்னாபிரிக்காவின் இனபேதமற்ற விளையாட்டுச் சங்கங்களே பதில் கூறின. புறக்கணிப்பை முதலில் கோரியவர்கள் அந்நாட்டில் ஒடுக்கப்பட்டிருந்த வீரர்களே. இது விடையில் இடம்பெற வேண்டிய முக்கிய குறிப்பு.

6. விளைவு

நெல்சன் மண்டேலா 1990 பெப்ரவரி 11இல் விடுதலையானார். தென்னாபிரிக்கா 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் பங்குபற்றியது. 1994இல் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் நடைபெற்றது. 1995இல் றக்பி உலகக் கிண்ணத்தை 15-12 என வென்றபோது, ஜனாதிபதி மண்டேலா அணியின் சீருடையை அணிந்துவந்து கிண்ணத்தை வழங்கினார். 1998இல் கேப்டவுனில் இலங்கைக்கு எதிரான போட்டியில் மகாயா நிட்டினி, தென்னாபிரிக்க டெஸ்ட் அணியின் முதலாவது கறுப்பின ஆபிரிக்க வீரராக விளையாடினார்.

கவனிக்க: நிறவொதுக்கலை ஒழித்தது விளையாட்டுப் புறக்கணிப்பு மட்டுமே என எழுதுவது தவறு. மக்களின் நீண்ட போராட்டம், பொருளாதாரத் தடைகள் என்பனவே பிரதான காரணங்கள். புறக்கணிப்பு அவற்றுக்குத் துணைநின்றது.

பயிற்சி வினாக்கள்

1. நிறவொதுக்கல் என்பதால் நீர் விளங்கிக்கொள்வது யாது?
2. அது மீறிய மனித உரிமைகள் இரண்டைக் குறிப்பிடுக.
3. டி ஒலிவேரா சம்பவத்தின் முக்கியத்துவத்தை விளக்குக.
4. "விளையாட்டில் அரசியல் கலக்கக்கூடாது." இக்கூற்றுடன் நீர் உடன்படுகின்றீரா? காரணங்கள் தருக.

நான்காம் வினாவுக்கு 'ஆம்' எனவும் எழுதலாம், 'இல்லை' எனவும் எழுதலாம். எதை எழுதினாலும் குறைந்தது இரு சம்பவங்களை ஆண்டுடன் காட்டி நிறுவுங்கள்.