உறங்காத செய்திப் பெட்டி

செய்திக்கென்று ஒரு நேரம் இருந்த காலத்தை நம் மூத்த தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். வானொலியில் காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. "சத்தம் போடாதீங்க, செய்தி போகுது" என்று வாப்பா சொன்னால் வீடே அடங்கிவிடும். கால் மணி நேரத்தில் செய்தி முடியும். அவரவர் வேலைக்கு எழும்பிவிடுவார்கள். இன்று நள்ளிரவில் பெட்டியைப் போட்டாலும் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை என்று இந்தக் கரையோரத்தில் குடும்பம் நடத்தும் சகோதரிகளே! இந்த உறங்காத பெட்டி எங்கிருந்து வந்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சற்று அறிந்துவைப்போமா?

அட்லாண்டாவில் தொடக்கம்

1980 ஜூன் 1ஆம் திகதி, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் டெட் டேர்னர் என்ற வர்த்தகர் சி.என்.என். கேபிள் தொலைக்காட்சியைத் தொடங்கினார். நாடகமில்லை, படமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் செய்திதான். முதல் செய்தியை வாசித்த டேவிட் வோக்கரும் லொயிஸ் ஹார்ட்டும் கணவன் மனைவி. நாள் முழுக்கச் சொல்வதற்கு அவ்வளவு செய்தி ஏது என்று பலரும் கேலி செய்தார்கள்.

1986 ஜனவரி 28ஆம் திகதி சலஞ்சர் விண்கலம், புறப்பட்ட 73ஆவது விநாடியில் சிதறியது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை உட்பட ஏழு பேர் மாண்டார்கள். பெரிய நிறுவனங்கள் வழக்கமான நிகழ்ச்சிகளுக்குத் திரும்பிவிட்ட அந்த நேரத்தில் சி.என்.என். அதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. கேலி குறைந்தது.

1991 ஜனவரி 17ஆம் திகதி அதிகாலை பக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கின. அல்ரஷீத் ஹோட்டல் அறையிலிருந்து பேர்னார்ட் ஷோ, ஜோன் ஹொலிமன், பீற்றர் ஆர்னெட் ஆகிய மூவரும் சொன்ன வர்ணனையை உலகமே கேட்டது. யுத்தம் நடக்கும்போதே வீட்டுக் கூடத்துக்குள் வந்தது அப்போதுதான்.

படம் பார்த்து மாறிய அரசுகள்

அரசுகளும் இந்தப் பெட்டியைப் பார்த்து முடிவெடுக்கின்றன என்ற பேச்சு எழுந்தது. 1992இல் சோமாலியாவில் பட்டினியால் வாடிய குழந்தைகளின் படங்கள் ஓயாமல் காட்டப்பட்டன. அந்த டிசம்பரில் அமெரிக்கப் படை அங்கே இறங்கியது. 1993 ஒக்டோபரில் அமெரிக்கச் சிப்பாயின் சடலம் மொகதிசு வீதியில் இழுக்கப்படும் படம் வந்தது. சில மாதங்களில் படை திரும்பியது. படம் மட்டுமே காரணமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் இதற்கு "சி.என்.என். விளைவு" என்று பெயரே வந்துவிட்டது.

1996 நவம்பர் 1ஆம் திகதி கத்தாரில் அல்ஜஸீரா தொடங்கியது. மூடப்பட்ட பி.பி.சி. அரபுத் தொலைக்காட்சியில் வேலை செய்த பலர் அதில் சேர்ந்தார்கள். அரபு மக்களின் கதையை அரபு மொழியிலேயே சொல்ல ஒரு பெட்டி கிடைத்தது. பின்னர் தமிழிலும் இத்தகைய செய்தி அலைவரிசைகள் பல வந்தன.

கமரா திரும்பாத பக்கம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே பணிப்பெண்களாக இருந்த நம் நாட்டுப் பெண்களை எண்ணி எத்தனையோ குடும்பங்கள் தூக்கமிழந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அதே மாதம் வீரமுனையில் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்கள். பத்திரிகைகளில் இவை வராமல் இல்லை. ஆனால் உலகத் தொலைக்காட்சிகள் இராப் பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தது குவைத்தை. நம் கரையை அல்ல. கமரா இருக்கும் இடத்தில்தான் துயரம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை யார் மறப்பார்? காலை ஏழு மணியளவில் சுமாத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஹவாயில் உள்ள எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தை அறிந்தது. ஆனால் அதன் பொறுப்பு பசிபிக் கடல். இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. உறங்காத செய்தி நிலையங்கள் எத்தனையோ இருந்தும் "ஓடுங்கள்" என்று நம் தாய்மாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அலை வடிந்த பிறகுதான் கமராக்கள் வந்தன.

வீட்டில் என்ன செய்யலாம்?

இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்ப வேண்டும், பார்ப்பவரை எழும்பவிடக்கூடாது, விளம்பரம் விற்க வேண்டும். இதுதான் அந்தத் தொழிலின் கட்டாயம். அதனால் ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். இடையில் ஆட்கள் ஊகம் பேசுவார்கள். ஒரே கட்டடம் பத்துத் தடவை இடிந்தால், சின்னப் பிள்ளைக்கு அது பத்துக் கட்டடம். அழிவைக் காட்டும்போது பிள்ளைகளை முன்னால் இருத்தாதீர்கள்.

பேசுகிறவர் கண்டதைச் சொல்கிறாரா, நினைப்பதைச் சொல்கிறாரா என்று கேளுங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறதே! கைத்தொலைபேசியில் வருவதற்கும் இதே விதிதான். செய்திக்கு நாளில் ஒரு நேரம் வைத்துக்கொண்டால் போதும்.

கணவரோ மகளோ வளைகுடாவில் இருந்தால், அவர்கள் வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் நம் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் இன்றே எழுதிவையுங்கள். அங்கே பதற்றம் என்றால் பெட்டி முன்னால் அழுது விடியவைப்பதை விட, ஒரு அழைப்பு எடுப்பது மேல்.

2005இல் அமைக்கப்பட்ட அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. அதையும் சமையலறைச் சுவரில் எழுதிவையுங்கள். ஆனால் நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ தொலைக்காட்சி என்ன சொல்கிறது என்று பார்த்து நிற்கவேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே, கடலை விட்டுத் தூரமாகப் போய்விடுங்கள்!