மரமறுத்த ஊரில் பீர் மணம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே, சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது பெண்ட் நகரம். மழை மேகங்களை மலை மேற்கிலேயே மறித்துவிடுவதால் இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ஒரு காலத்தில் பைன் மரங்களை அறுத்தே பிழைத்த ஊர். 1916இல் டெஷூட்ஸ் ஆற்றங்கரையில் இரண்டு பெரிய மர ஆலைகள் ஓடத் தொடங்கின. கடைசி ஆலை 1994இல் மூடப்பட்டது. பழைய ஆலையின் மூன்று புகைபோக்கிகள் மட்டும் கடைவீதியில் இன்றும் நிற்கின்றன.

அதற்குள் ஊர் வேறு தொழில் பழகியிருந்தது. மவுண்ட் பேச்சலரில் 1958 முதலே பனிச்சறுக்கு. கோடையில் ஆற்றில் ரப்பர் டியூபில் மிதக்கலாம். துணிச்சல்காரர்கள் ஸ்மித் ராக் பாறைகளில் தொங்குவார்கள்.

ஏறி இறங்கினால் தாகம் எடுக்காதா? 1988இல் கேரி ஃபிஷ் என்பவர் சிறிய மதுக்கூடமாகத் தொடங்கியதுதான் டெஷூட்ஸ் பீர் நிறுவனம். நாடே வெளிர் மஞ்சள் பீரில் மயங்கிக் கிடக்க, இவரோ டிகாஷன் நிறத்தில் 'பிளாக் பியூட் போர்ட்டர்' காய்ச்சிப் பெயர் வாங்கினார். பீரின் பெயர் பக்கத்திலுள்ள அணைந்த எரிமலையுடையது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் ஓரிகனிலேயே விளைகிறது. இப்போது சுற்றுலாப் பயணிகள் கையேட்டுடன் ஒவ்வொரு பீர்க்கூடமாக ஏறி முத்திரை வாங்குகிறார்கள். முத்திரைகள் சேர்ந்தால் பரிசும் உண்டு.