இருவர் சென்ற வழி – 14: மதனப்பள்ளிக்கு வந்த விருந்தாளி

பிறந்த மண்ணை விட்டு வெளியேறிய தம்பதியர் தங்கள் பழைய நட்புகளை எவ்வாறு காப்பாற்றிக்கொண்டனர் என்று பார்க்க விரும்புவோருக்குச் சித்தூர் வட்டாரத்தின் வரலாறு தரும் தெளிவான சான்று, ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் ஆகிய இருவரின் வாழ்க்கையாகும். பெல்ஃபாஸ்ட் நகரில் 1873-இல் பிறந்த கவிஞர் ஜேம்ஸும், அயர்லாந்தின் பாயில் என்ற சிற்றூரில் 1878-இல் பிறந்து இசையில் பட்டம் பெற்ற மார்கரெட்டும் 1903-இல் மணந்துகொண்டு டப்ளினில் குடியிருந்தனர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியதற்காக மார்கரெட் லண்டனிலும் அயர்லாந்திலும் சிறைப்பட்டார். 1913-இல் லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்த தம்பதியர், 1915-இல் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' நாளிதழில் ஜேம்ஸுக்கு வேலை கிடைத்ததைத் தொடர்ந்து சென்னைக்கு வந்து சேர்ந்தனர். அந்த வேலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1916-இல் டப்ளினில் ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைப் புகழ்ந்து அவர் எழுதிய கட்டுரை அரசின் சினத்தைக் கிளறவே, அவர் நாளிதழை விட்டு விலகி, பிரம்மஞான சபையினர் மதனப்பள்ளியில் நடத்திவந்த கல்லூரிக்கு ஆசிரியராகச் செல்ல நேர்ந்தது.

மதனப்பள்ளி 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், கோடையிலும் சென்னையின் புழுக்கம் அங்கே இருப்பதில்லை. காச நோயாளிகளுக்கான ஆரோக்கியவரம் மருத்துவமனை அதே காலத்தில் அவ்வூருக்கு அருகில் நிறுவப்பட்டதற்கும் இந்தத் தட்பவெப்பமே காரணம். ஆனால் அங்கே போய்ச் சேர்வது அன்று எளிதான காரியமாக இருக்கவில்லை. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகக் காட்பாடி வரை அகலப்பாதையில், அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி இடைவெளி உள்ள பாதையில் வந்து, அங்கே மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, ஒரு மீட்டர் இடைவெளி மட்டுமே உள்ள மீட்டர் கேஜ் ரயிலுக்கு மாறி, சித்தூரையும் பாகாலாவையும் கடந்து மதனப்பள்ளி ரோடு நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. 'ரோடு' என்ற ஒட்டு, ஊர் இங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலை இங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் குறிக்க ரயில்வேயார் கையாண்ட வழக்கு; மிச்சமுள்ள சில மைல்களுக்கு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. ரேணிகுண்டாவில் வண்டி மாறித் திருப்பதி வழியாகப் பாகாலாவை அடைவது மற்றொரு வழியாக இருந்தது. பத்திரிகைப் பணியையும் சபைப் பணியையும் அடையாற்றில் விட்டுவந்த தம்பதியருக்கு, 1917-இல் அங்கே இந்திய மாதர் சங்கம் தொடங்கிய பிறகு இந்தப் பாதையே நண்பர்களோடு உறவைப் பிணைத்த கயிறாயிற்று.

அந்தப் பாதையின் முனையில் இருந்த கல்லூரிக்கு 1919 பிப்ரவரி இறுதியில் வந்த விருந்தாளி ரவீந்திரநாத் தாகூர். தாகூரின் கவிதைகளை ஜேம்ஸ் முதன்முதலில் அறிந்துகொண்டது இந்தியாவில் அன்று. 1912-இல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில், ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் அவற்றை நண்பர்களுக்குப் படித்துக்காட்டியபோதுதான். தென்னாட்டுச் சுற்றுப்பயணத்தில் களைத்திருந்த தாகூர், சொற்பொழிவு ஆற்றுவதற்கன்றி ஓய்வெடுப்பதற்காகவே மதனப்பள்ளியில் தங்கினார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பாடும் ஓர் இரவு நிகழ்ச்சியில் அவர் தாமே முன்வந்து 'ஜன கண மன' பாடினார். அதைக் கல்லூரியின் காலைப் பாடலாக வைத்துக்கொள்ளக் கல்லூரியினர் விரும்பவே, பிப்ரவரி 28 அன்று அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். மார்கரெட் அதன் மெட்டை, ஐந்து கோடுகளின் மேல் சுரங்களைக் குறிக்கும் மேற்கத்திய முறையில் எழுத்தில் பதித்தார். அவரே மெட்டமைத்தார் என்று சிலர் சொல்வது மிகை. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸில் ஏற்கெனவே பாடப்பட்ட பாடலுக்கு மெட்டு இல்லாமல் இருந்திருக்காது. விருந்தினர் பாடியதைக் கேட்டுத் தாளில் பதிக்கும் அளவுக்குத் தேர்ந்த இசையறிவு அந்த வீட்டில் இருந்தது என்பதே போதிய பெருமை. அதற்குமேல் ஏற்றிச் சொல்வது மார்கரெட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதே ஆண்டில் ஜேம்ஸ், ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சியின் முயற்சியால் தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்று, மறு ஆண்டு திரும்பினார். மார்கரெட் இந்தியாவிலேயே தங்கினார். தம்பதியர் என்றால் எப்போதும் ஒன்றாகவே பயணம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. சைதாப்பேட்டையில் 1922-இல் கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும், 1927-இல் புனேயில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகவும் மார்கரெட் தமக்கென வழி வகுத்துக்கொண்டார். 1932-இல் அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசியதற்காக அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அடைக்கப்பட்ட இடம் வேலூர். மதனப்பள்ளிக்குப் போகும்போது அக்காலத்தில் வண்டி மாறிய காட்பாடி, அந்தச் சிறை இருந்த நகரத்தின் மறுகரையில், பாலாற்றுக்கு வடக்கே இருக்கிறது.

1930-களில் ஜேம்ஸ் மீண்டும் மதனப்பள்ளிக் கல்லூரியின் முதல்வரானார். இந்து சமயத்தைத் தழுவி ஜெயராம் என்ற பெயரையும் சூடிக்கொண்டார். திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகராக இருந்து, 1935-இல் திருவனந்தபுரத்தில் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ராலயம் என்னும் ஓவியக்கூடம் அமைவதற்குத் துணைநின்றவரும் அவரே. இருவரும் அத்தியாயங்களைப் பங்கிட்டு எழுதிய தன்வரலாறு 1950-இல் வெளிவந்தது. கணவனின் நினைவை மனைவியும், மனைவியின் நினைவைக் கணவனும் ஒரே நூலுக்குள் தொடரும் இந்த அமைப்பு, இத்தொடரில் இதுவரை பார்த்த தம்பதியரில் வேறு எவரிடமும் காணப்படாதது. ஜன கண மன நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டதும் அதே 1950-இல், ஜனவரி 24 அன்று.

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த மார்கரெட் 1954-இல் அடையாற்றில் காலமானார். ஜேம்ஸ் 1956-இல் மதனப்பள்ளியில் காலமானார். திருப்பதியிலிருந்து பீலேர் வழியாகச் சாலையில் சென்றால் மதனப்பள்ளி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவு. பெசன்ட் பிரம்மஞானக் கல்லூரி இன்றும் அங்கே இயங்குகிறது. திருமலைக்குச் சென்று திரும்பும் வாசகர்கள் ஒரு நாளை அதற்கென ஒதுக்கலாம்.