அறுந்தால் ஆபத்து!

மாணவர்களே, பழைய கார் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "டைமிங் பெல்ட் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று?"

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் கேம் தண்டு ஒருமுறை சுற்ற வேண்டும். நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது! பல கார்களில் இந்த ஒழுங்கைக் காப்பது, பற்களுள்ள ஒரு ரப்பர் பட்டை. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் இது அறிமுகமாயிற்று.

பட்டை அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. பல எஞ்சின்களில் அது திறந்திருக்கும் வால்வை மோதி வளைத்துவிடும். கார் ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும்.

சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பையும் இப்பட்டையே சுழற்றுகிறது. பம்ப் இறுகினால் புதுப் பட்டையும் அறுந்துபோகும். ஆகவே, ஒருமுறை பிரிக்கும்போதே இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால், கேம் சக்கரத்தில் எத்தனை? கணக்கிட்டுப் பாருங்கள்!