தொலைக்காட்சியில் ஒரு பென்சில்

நூலாசிரியர்கள் வரலாற்றையும் பொருளியலையும் தொலைக்காட்சி வழியே மக்களுக்கு விளக்குவதுண்டு. நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன், 1980இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் தடையற்ற சந்தை குறித்துப் பத்துப் பகுதிகளில் உரையாற்றினார்.

முதற்பகுதியில் அவர் ஒரு பென்சிலைக் கையில் ஏந்தினார். அதன் மரம், கரி, அழிப்பான் ஆகியவை வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை. ஒருவரையொருவர் அறியாத பலரின் உழைப்பை, எவருடைய ஆணையுமின்றி, விலையே ஒன்றிணைக்கிறது என்று விளக்கினார்.

கரமனைக்கு அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவிலும் இதனைக் காணலாம். தமிழ்நாட்டில் விளைந்த காய்கறிகள் விலையை நோக்கியே அங்கு வந்து சேர்கின்றன. ஆயினும், அத்தெருவை அண்டிப் பிழைத்த எளியோரின் வாழ்வை எழுத்தாளர் ஆ. மாதவன் தம் கதைகளில் காட்டினார். பொருள் வந்து சேர்ந்தது; அதனைச் சுமந்தவருக்குப் போதிய கூலி கிடைத்ததா என்பது வேறு வினா.

ஃபிரீட்மனின் தொடரிலும் படத்தின் முடிவில் மாற்றுக் கருத்துடையோர் அவருடன் வாதிட்டனர். எனவே, உரையைக் கேட்போர் செய்தியையும் கருத்தையும் பிரித்தறிதல் வேண்டும். பென்சில் பலர் உழைப்பால் ஆனது என்பது செய்தி. சந்தையில் அரசின் தலையீடு குறைய வேண்டும் என்பது கருத்து.

சிந்தித்து எழுதுக: உங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு பொருளின் விலையை உயர்த்துபவை எவை?